செம்முகப் பூங்குயிலும் ஆற்றங்கரைக் காடும்

உலகிலுள்ள உயிரினங்களுட் சில எங்கும் பரந்து வாழ்வன. சில ஒரு சிறு நிலப்பரப்பினுள் அடங்கி வாழ்வன. சிட்டுக்குருவி முதல்வகையைச் சேர்ந்தது. மனிதன் குடியேறிய கண்டங்கள் யாவற்றிலும் அது அவனுடன் குடிபுகுந்துள்ளது. ஓர் ஊரில் அஃது அருகினும் பிறிதோர் ஊரில் வாழும். இரண்டாம் வகையின் நிலை அத்தகையதன்று. ஒரு தீவில், அத்தீவிலும் ஒருசில காடுகளில் மட்டும் வாழும் பறவைக்கு அக்காடே உலகம். அக்காடு அழிந்தால் அப்பறவை வேறிடம் புகுந்து பிழைப்பதற்கில்லை. உலகப் படத்தில் வேறெங்கும் அதற்கு இடமில்லை.

நமது ஈழநாட்டில் இவ்விரண்டாம் வகைப் பறவைகள் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள. அவை இலங்கைக்கே உரியன. பாக்கு நீரிணையைக் கடந்து சென்றால் அவற்றுள் ஒன்றையேனும் காண்டல் அரிது என்பதன்று, இயலாது என்பதே உண்மை. அவற்றுள் ஒன்றாகிய செம்முகப் பூங்குயிலைப் பற்றியும், அதனைப் பேணுவதன் இன்றியமையாமையைப் பற்றியும் இவ்விழா மலரிற் சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றோம். இப்பொருள் மலைநாட்டார்க்கும் கொழும்பு நகர அறிஞர்க்கும் மட்டும் உரியதன்று. அறுகம்பேயின் அலைகளைக் காண வருவோர் முதுகாட்டி நிற்கும் மேற்றிசையில், ஆற்றங்கரைக் காடுகளில், இப்பறவை வாழும் இடங்களும் உள. ஆதலின் அம்பாறைக் கரையோர மக்களாகிய நமக்கு இதிற் பங்கும் உண்டு; பொறுப்பும் உண்டு.

முதற்கண் அதன் பெயரை நோக்குவோம். சிங்கள மொழியில் இதனை 'வத்த ரத்து மல்கொஹா' என்பர். 'மல்' என்பது மலர். 'கொஹா' என்பது குயில். முன்னுள்ள அடைமொழி முகம் சிவந்தது எனும் பொருட்டு. ஆங்கிலேயரும் 'மல்கோஹா' என்னும் அச்சொல்லையே தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். செம்முகப் பூங்குயில் என்னும் தமிழ்ப்பெயர் சிங்களப் பெயரோடு சொல்லுக்குச் சொல் ஒத்துநிற்றல் காண்க. 1769 ஆம் ஆண்டில் பென்னன்ற் என்னும் வேல்சு நாட்டு இயற்கையறிஞர் இதற்கு இட்ட அறிவியற் பெயரும் 'தீநிறத் தலையுடையது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆயதே. மூன்று மொழியாரும் கண்டு வியந்தது ஒன்றே: அஃது அப்பறவையின் செக்கச் சிவந்த முகம்.

இதன் நீளம் ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர். அதிற் பெரும்பகுதி வாலே. கண்ணைச் சூழ்ந்து கன்னமெங்கும் பரந்த சிவப்பு, இளம்பச்சை நிறமான தடித்த சொண்டு, கரும்பச்சை மினுங்கும் முதுகு, வெண்மையான அடிவயிறு, படிப்படியாய் நீண்டு வெள்ளை நுனிகளோடு முடியும் வால் ஆகியன இதன் அடையாளங்கள். ஆணையும் பெண்ணையும் கண்ணின் நிறங்கொண்டு பிரித்தறியலாம்; ஆணின் கண்மணி கபிலநிறம், பெண்ணினது வெண்மை. இத்துணை அழகு வாய்ந்திருந்தும் இதனைக் கண்டோர் சிலரே. ஏனெனில் இது கூவித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உயர்ந்த மரங்களின் முடிகளில் இலைச்செறிவினூடே ஓசையின்றி ஊர்ந்து திரிவது.

குயில் என்றவுடன் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுத் தன் குஞ்சைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் பறவையே நம் நினைவுக்கு வரும். செம்முகப் பூங்குயிலும் குயிற் குடும்பத்தைச் சேர்ந்ததேயாயினும் அக்குணம் இதற்கில்லை. சுள்ளிகளைக் கொண்டு மரத்தின் உயரத்திலே தானே கூடு கட்டி, இரண்டு அல்லது மூன்று வெண்ணிற முட்டைகளை இட்டு, தன் குஞ்சுகளைத் தானே வளர்க்கின்றது. கனிகளும் பூச்சிகளும் இதன் உணவு.

இது தனித்து வாழ்தலைக் காட்டிலும் கூட்டமாய்த் திரிதலையே விரும்பும். அக்கூட்டமும் ஓரினத்துக் கூட்டமன்று. காட்டினுள்ளே பல்வேறு இனத்துப் பறவைகள் ஒருங்குசேர்ந்து, ஒரு திருவிழா ஊர்வலம் போல மரத்துக்கு மரம் நகர்ந்து இரைதேடும். சிங்கராச வனத்தில் இத்தகைய கலப்புக் கூட்டங்களை 1981 ஆம் ஆண்டு முதல் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடன் சேர்ந்தாரும் நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள் வரை இருத்தலையும், அவை பத்துக்கு மேற்பட்ட இனத்தனவாதலையும் அவர்கள் கண்டனர். தவிட்டுக்குருவிகள் கூட்டத்தின் நடுவுடலாய் நின்று இலைகளைக் கிளறிச் செல்லும். கரிச்சான் காவலாளனாய் நின்று, வல்லூறு முதலிய பகைகளைக் கண்டவிடத்துக் கூவி எச்சரிக்கும். பல கண்கள் விழித்திருத்தலால் ஒவ்வொன்றும் அச்சமின்றி உண்கின்றது. செம்முகப் பூங்குயில் அக்கூட்டத்தின் மேற்பகுதியில், மரமுடிகளில், உடன்செல்லும் உறுப்பினன்.

இங்ஙனம் உடன்கூடி வாழும் வாழ்க்கையே இதன் துன்பத்துக்கும் காரணமாயிற்று. ஒரு கூட்டம் நாள்தோறும் நெடுந்தொலைவு சுற்றி இரைதேட வேண்டும். அதற்கு அகன்ற காடு வேண்டும். அக்காட்டின் முடிகள் ஒன்றோடொன்று தொட்டுநிற்றலும் வேண்டும். இப்பறவை நெடுந்தூரம் பறக்கும் வன்மையுடையதன்று. கிளைக்குக் கிளை தாவியும், சிறிது தூரம் மிதந்துமே செல்வது. காட்டின் நடுவே அகன்ற வெளி ஏற்படுமாயின் அவ்வெளி இதற்கு ஆறு போலன்று, கடல் போலாகின்றது.

இதனை நன்கு விளங்கிக்கொள்ள இதன் உறவினனாகிய நீலமுகப் பூங்குயிலை ஒப்புநோக்குக. அது நம்மூர்ப் பற்றைகளிலும் முட்புதர்களிலும் வாழ்வது. தென்னிந்தியாவிலும் உண்டு. பெருங்காட்டை வெட்டிச் சேனை செய்து கைவிட்ட நிலத்தில் பற்றை முளைக்கும்போது, அப்பற்றையில் நீலமுகப் பூங்குயில் குடிபுகும். செம்முகப் பூங்குயிலோ அங்கு வருவதில்லை. தொலைவில் நின்று நோக்குவார்க்கு இரண்டிடமும் பச்சையாகவே தோன்றும். பறவைக்கோ அவற்றினிடையே வீட்டுக்கும் வெறுநிலத்துக்கும் உள்ள வேறுபாடு உண்டு. 'காடு வெட்டினால் என்ன, மீண்டும் முளைத்துவிடுகின்றதே' என்று கூறுவார் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முளைப்பது பசுமை, முளையாதது முதுகாடு. நூறாண்டு நின்ற மரத்துக்கு நூறாண்டே விலை.

இனி, இப்பறவை வாழும் இடங்களைக் காண்போம். தென்மேற்கிலுள்ள ஈரவலயக் காடுகளே, அவற்றுட் சிறப்பாகச் சிங்கராச வனமே, இதன் தலைமை உறைவிடம். அங்ஙனமாயின் வெயில் கொளுத்தும் உலர்வலயத்தைச் சேர்ந்த நம் பகுதிக்கு இஃது எவ்வாறு வந்தது? விடை ஆற்றங்கரையில் இருக்கின்றது. உலர்வலயத்தில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழை அரிது. மேட்டுநிலத்து மரங்களுட் பல இலையுதிர்த்து நிற்கும். ஆனால் ஆற்றின் இருமருங்கும் நிலத்தடி நீர் வற்றுவதில்லை. அந்நீரை வேரால் உறிஞ்சி மருதும் இலுப்பையும் நாவலும் அத்தியும் பனிச்சையும் வானளாவி வளர்கின்றன. மருதின் வெளிறிய அடிமரமும் ஆற்றை நோக்கிச் சரிந்த வேர்த்திரளும் இவ்வழியே சென்றோர் யாவரும் அறிந்தனவே. பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைத் தோய்த்து உரமேற்றிய நம் மீனவர் பழக்கத்தை முதியோர் நினைவுகூர்வர். இம்மரங்கள் பசுமை நீங்காது நிற்கும் ஒடுங்கிய நாடாவே ஆற்றங்கரைக் காடு. ஈரவலயக் காட்டின் ஒரு விரல் உலர்வலயத்தினுள் நீண்டு கிடத்தல் போன்றது அது. அவ்விரலைப் பற்றியே செம்முகப் பூங்குயில் கிழக்கே வந்தது.

பொத்துவிலிலிருந்து மொனராகலை செல்லும் பெருந்தெருவில், லகுகலையில், அத்தகைய காடு ஒன்று உளது. 1966 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட இவ்விடம் 1980 ஆம் ஆண்டில் லகுகல கித்துலான தேசிய வனம் ஆயிற்று. இதன் பரப்பு 1,554 ஹெக்டெயர் மட்டுமே. நாட்டின் தேசிய வனங்களுள் மிகச் சிறியனவற்றுள் இதுவும் ஒன்று. பழைய குளங்கள் மூன்று இதனுள் அடங்கும். கோடையில் நீர் வற்றுங்கால் குளத்தில் வளரும் புல்லைத் தின்ன யானைகள் திரளும். காண்போர் யானைகளையே கண்டு மீள்வர். குளத்தைச் சூழ்ந்த உயர்மரக் காட்டில் செம்முகப் பூங்குயில் வாழ்கின்றது என்பதை அறிந்து அண்ணாந்து நோக்குவார் மிகச் சிலரே.

தெற்கே குமணையிலும் இப்பறவை அருகிய இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. குமணை 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டது. 1970 இல் யால கிழக்கு எனத் தேசிய வனமாகி, 2006 இல் குமண தேசிய வனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. இவ்விடம் நம்மவர்க்குப் புதிதன்று. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் பொத்துவில், அறுகம்பே, பாணமை ஆகியவற்றைக் கடந்து, உகந்தை முருகனை வழிபட்டு, குமணை வழியே கும்புக்கன் ஆற்றைக் கடந்து செல்கின்றனர். அவ்வாற்றின் பெயரே மருத மரத்தின் சிங்களப் பெயரால் வந்ததாகும். வெயிலில் வந்த அடியார் இளைப்பாறும் அம்மருத நிழல்தான் செம்முகப் பூங்குயிலின் வீடு. முருகன் கொடியிற் சேவல் உண்டு. அவ்வழியிற் காணும் இலங்கைக் காட்டுக்கோழியும் இத்தீவுக்கே உரிய பறவை. நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. யாத்திரை வழியே ஓர் உயிர்க்காட்சிச் சாலை என்பது மிகையன்று.

இத்துணையும் இருந்தும் பறவை அருகியது ஏன்? நாட்டின் காடு சுருங்கியமையே முதற் காரணம். 1956 ஆம் ஆண்டளவில் நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு முடிசெறிந்த இயற்கைக் காடாக இருந்தது. 1992 இல் அது 24 பங்களவாகக் குறைந்தது. ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறைய பாதி மறைந்தது. ஈரவலயத்தில் தேயிலையும் இறப்பரும் அதற்கு முன்னரே பெரும்பகுதியை விழுங்கியிருந்தன. நம் மாவட்டத்திலே 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அணை எழுப்பி, காடழித்துக் கழனியாக்கிற்று. அத்திட்டத்தை யாம் பழிப்பதற்கில்லை. இன்று கல்முனை, சம்மாந்துறைப் பகுதிகளில் விளையும் நெல்லுக்கு அந்நீர் துணை. அத்திட்டத்தோடு ஒட்டியே 1954 இல் கல்லோயா தேசிய வனமும் அமைக்கப்பட்டது. நீரைத் தேக்குவார் நீர்வரும் காட்டையும் காத்தல் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்தனர் போலும். எனினும் எஞ்சிய காடுகள் துண்டுதுண்டாயின என்பதும், துண்டுபட்ட காட்டில் இப்பறவை நிலைத்தல் அரிது என்பதும் மறுக்கற்பாலன அல்ல. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தன் செம்பட்டியலில் இதனை அழிவுக்கு இலக்காகத்தக்க இனமென வகுத்துள்ளது.

காடு காக்கப்படுமாயின் விளையும் நன்மை யாது என்பதற்குச் சிங்கராச வனத்தின் வரலாறே சான்று. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அவ்வனத்தின் மரங்களை இயந்திரங்கொண்டு வெட்டத் தொடங்கினர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சுவிற்சர்லாந்திற் பிறந்து இலங்கையைத் தம் நாடாகக் கொண்ட திலோ ஹொவ்மன் என்பவர் வனசீவிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராய் நின்று அவ்வெதிர்ப்பை முன்னடத்தினார். 1977 இல் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988 இல் சிங்கராச வனம் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. 1995 இல் தீபால் வரக்காகொட என்னும் பறவையியலாளர் கித்துள்கலைக் காட்டில், இன்னதென்று அறியப்படாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். ஆறாண்டு கழித்து, 2001 தை மாதத்தில், சிங்கராச வனத்தில் அதனைக் கண்ணாற் கண்டார். 2004 இல் அது புதிய இனமென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஹொவ்மன் அவர்களின் பெயரே அதன் அறிவியற் பெயராயிற்று. 1868 க்குப் பின் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்ட முதற்பறவை அது. 1977 இல் வாள் ஓயாதிருந்திருப்பின் அவ்வாந்தை பெயரின்றியே அழிந்திருத்தலும் கூடும். நாம் அறிந்தவற்றைக் காக்கும்போது அறியாதவற்றையும் உடன்காக்கின்றோம் என்பது இதனாற் பெறப்படும்.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1937 ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பன்முறை திருத்தப்பெற்று இன்றும் வழக்கிலுள்ளது. இப்பறவையைக் கொல்லுதலும் பிடித்தலும் குற்றமாகும். ஆயின் இப்பறவைக்குப் பகை வேட்டைக்காரனின் துவக்கினும் கோடரியும் தீயுமே. வனத்தின் எல்லைக்கல்லோடு ஆற்றங்கரைக் காடு முடிந்துவிடுவதில்லை. எல்லைக்கு வெளியே வயலோரமாகவும் ஊரோரமாகவும் அது தொடர்கின்றது. 1,554 ஹெக்டெயர்க் காடு தனித்து நிற்குமாயின் அது தீவு. ஆற்றின் வழியே பிற காடுகளோடு தொடுத்து நிற்குமாயின் அது பாதை. அத்தொடர்பை அறுப்பன சிறுசிறு செயல்களே: ஆற்றங்கரையில் ஒரு மருதை விறகுக்குத் தறித்தல், கரையை அகழ்ந்து மணல் அள்ளுதல், சேனைக்கு இட்ட தீ கரைக்காட்டுள் புகுதல், விடுதி கட்டுவோர் கரைமரங்களை அகற்றுதல். ஒவ்வொன்றும் சிறிது, கூடினால் காடில்லை.

'பறவையைக் காக்கப் புகுந்து ஏழையின் அடுப்பை அணைப்பதோ?' என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. விறகின்றி வாழ முடியாதவனிடம் காட்டின் பெருமையைப் பேசிப் பயனில்லை. ஆதலின் ஊர்ப்புறத்தில் விறகுக்கென மரம் வளர்த்தலும், சேனை செய்வோர்க்கு நிலையான நிலமும் நீரும் கிடைக்க வழிசெய்தலும் பாதுகாப்பின் பகுதிகளேயாகும். மேலும் ஆற்றங்கரைக் காடு பறவைக்கு மட்டும் உரிய செல்வமன்று. அம்மரங்களின் வேரே கரையைப் பிடித்துநிற்பது. மாரி வெள்ளம் வயலுள் பாய்ந்து மண்ணை அரித்தலைத் தடுப்பதும், கோடையில் கரையோரக் கிணறு வற்றாது காப்பதும் அவையே. கரைமரத்தைத் தறித்த ஊர், மாரியில் வெள்ளத்தையும் கோடையில் வறட்சியையும் ஒருங்கே விலைக்கு வாங்குகின்றது. பறவையின் நலமும் உழவனின் நலமும் இங்கு ஒன்றே.

பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுதலும் தமிழ்மரபன்று. மயில் குளிரால் நடுங்கியது என எண்ணிப் போர்வை ஈந்த பேகனை நம் முன்னோர் மடவன் எனத் தள்ளவில்லை. வள்ளல் என்று போற்றினர். கோயில் தோறும் ஒரு மரத்தைத் தலவிருட்சமாக வைத்து வழிபட்டனர். மருதமரமே இறைவனின் தலமரமாக நிற்கும் ஊர்களும் தமிழ்நாட்டில் உள. அவ்வழிபாட்டை மதிலுக்குள் நிற்கும் ஒரு மரத்தோடு நிறுத்திவிடாது, ஆற்றங்கரையில் நிற்கும் மரங்கட்கும் விரித்தலே நாம் செய்யவேண்டியது.

இனி, நம் பழைய மாணவரும் இளைய மாணவரும் செய்யத்தக்கன சில கூறி அமைவோம். முதலாவது, அறிதல். பெயரறியாப் பொருளைப் பேணுவார் இலர். நம் காட்டுப் பறவைகட்கு ஆங்கிலப் பெயரும் சிங்களப் பெயரும் நூல்களிற் கிடைக்கின்றன; தமிழ்ப்பெயர்களை ஊர் முதியோரிடமும் வேடுவரிடமும் கேட்டுத் திரட்டுதல் மாணவர் கடன். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் அறிவியலும் தமிழும் ஒருங்கு கற்று, கலைச்சொல்லாக்கப் பணிக்கும் தலைமை தாங்கினார். அவர் பிறந்த கரையோரத்தில் இப்பணி பின்தங்குதல் தகாது. இரண்டாவது, பதிதல். கண்ட பறவை, நாள், இடம், மரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் எளிது. 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியற் குழு போன்ற அமைப்புகளுக்கு அக்குறிப்புகள் பெரிதும் பயன்படும். மூன்றாவது, நடுதல். ஆற்றங்கரையில் மருதும் நாவலும் இலுப்பையும் நட்டு, ஆடு மாடு தின்னாது மூன்றாண்டு காத்தால் போதும். பின் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். நான்காவது, யாத்திரை செல்வோர் நெகிழிப் பைகளையும் அணையாத அடுப்புத் தணலையும் மருத நிழலில் விட்டுச்செல்லாதிருத்தல். உயர் பதவிகளில் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கு ஐந்தாவது ஒன்றும் உண்டு: ஆற்றோரக் காணிக்கும் கட்டடத்துக்கும் இசைவுக் கடிதத்திற் கையொப்பமிடுமுன் அவ்விடத்தைச் சென்று பார்த்தல்.

செம்முகப் பூங்குயில் அழியுமாயின் அறுகம்பேயின் அலை அடங்கிவிடாது; வயலில் நெல் விளையாது போகாது; பலர் அதனை அறியவும் மாட்டார். ஆனால் இலங்கையில் அழிந்தது உலகில் அழிந்ததாகும். எத்துணைப் பொருள் கொடுத்தும் எந்நாட்டிலிருந்தும் அதனை மீட்டுக் கொணர்தல் இயலாது. மாறாக, ஆற்றங்கரைக் காடு அறாது நிற்குமாயின், இக்கல்லூரியில் இனிமேற் கற்கவிருக்கும் பிள்ளைகளும் லகுகலைக் காட்டில் அண்ணாந்து நோக்கி அச்செம்முகத்தைக் காண்பர். ஒரு கல்லூரி தன் விழாவைக் கொண்டாடுவது, தான் பெற்றதை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றிக் கையளித்தமையைக் கருதியன்றோ? கல்விக்குப் பொருந்தும் அவ்விதி காட்டுக்கும் பொருந்தும். அதனை மனங்கொண்டு நடத்தல் நம் அனைவர் கடனுமாகும்.